நாளாந்தம் ஓட்டும் கேஈ70 காரைக் கால் மைல் பந்தயத்துக்கும் கொண்டுபோக வேண்டும். முன்பக்கம் எந்த ஸ்ட்ரட் போடலாம்?

கேட்டவர் திருகோணமலையில் இருக்கிறார். டொயோட்டா கேஈ70 கொரோலாவுக்கு 4ஏ-ஜிஈ எஞ்சின் மாற்றியிருக்கிறார். வேலைக்குப் போவதும் அதே காரில்தான். வருடத்தில் ஒன்றிரண்டு தரம், நின்ற இடத்திலிருந்து நேராக ஓடும் கால் மைல் ஓட்டத்துக்கும் போக ஆசை. கராஜில் "முன்னுக்கு 90/10 போடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்களாம்.

நானும் திருகோணமலைதான், வைத்திருப்பதும் கேஈ70 தான். என் பதில்: 90/10 வேண்டாம். றோட்டுக்கென்றே செய்த, ரீபவுண்டை (விரியும்போது காட்டும் எதிர்ப்பை) மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்ட்ரட்டைப் போடுங்கள்.

முதலில் 90/10 என்றால் என்ன என்று பார்ப்போம். ஸ்ட்ரட் என்பது முன்சில்லைத் தாங்கும் கால், அதற்குள் ஆட்டத்தை அடக்கும் ஷொக் இருக்கும். ஷொக் அமுங்கும்போதும் எதிர்ப்புக் காட்டும், விரியும்போதும் எதிர்ப்புக் காட்டும். விரிவதைத்தான் ரீபவுண்ட் என்கிறோம். அந்த எதிர்ப்பில் 90 பங்கு அமுங்கும் பக்கமும் 10 பங்கு விரியும் பக்கமும் இருந்தால் அது 90/10. கிளட்சை விட்டதும் கார் மூக்கைச் சட்டென்று தூக்கும், தூக்கிய மூக்கு மெதுவாகத்தான் இறங்கும். பாரம் வேகமாகப் பின்சில்லுக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் பெரிய வி8 எஞ்சின் கார்களைப் பந்தயத்துக்கு மட்டும் ஓட்டியவர்களுக்காக வந்த சாமான் இது. அந்த வேலைக்கு அது நல்ல சாமான்தான்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னுக்கு எவ்வளவு பாரம் போகும் என்பதை ஸ்ட்ரட் தீர்மானிப்பதில்லை. காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், முன்பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம், எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பவைதான் அதைத் தீர்மானிக்கும். கேஈ70இன் சில்லிடைத் தூரம் 2.4 மீற்றர். எடையை 900 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் அரை மீற்றர் உயரத்தில் என்றும், புவியீர்ப்பின் பாதி அளவுக்கு இழுக்கிறது என்றும் வையுங்கள். கணக்குப் பார்த்தால் பின்னுக்குப் போவது 90 கிலோவை ஒட்டித்தான் வரும். எந்த ஸ்ட்ரட் போட்டாலும் அந்த 90ஐ 200 ஆக்க முடியாது. அது எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதுதான் ஸ்ட்ரட்டின் கையில் இருக்கிறது. சாதாரண 4ஏ எஞ்சினுக்கும் றோட்டு டயருக்கும் அந்த விரைவில் கிடைக்கும் லாபம் சின்னது.

அந்தச் சின்ன லாபத்துக்காக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை நான் கந்தளாய்க்குப் பக்கத்தில் கற்றுக்கொண்டேன். அப்போது எங்கள் கார்களுக்குச் சரியான 90/10 கிடைக்கவில்லை. ஒரு கராஜில், "தம்பி, பழைய ஸ்ட்ரட்டைத் திறந்து மெல்லிய ஒயில் ஊத்தினால் அதேதான்" என்றார்கள். நான் சம்மதித்தேன். அது அதே அல்ல. மெல்லிய ஒயில் விரியும் பக்கத்தை மட்டும் இளக்காது, அமுங்கும் பக்கத்தையும் சேர்த்து இளக்கிவிடும். மூக்கு அழகாகத்தான் எழும்பியது. ஆனால் இரண்டாம் கியர் போடக் கிளட்சை மிதித்ததும் பொத்தென்று விழுந்து, திரும்ப எழும்பி, பின்டயர் பிடித்துப் பிடித்து விட்டது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஹபரணையிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது ஒரு மதகைத் தாண்டினேன். முன்பக்கம் அடிவரைக்கும் போய் இரும்போடு இரும்பு மோதிய சத்தம் கேட்டது. பிரேக் பிடித்தேன். முன்சில்லு தரையில் நிற்காமல் துள்ளியதை ஸ்டியரிங்கில் உணர்ந்தேன். நல்ல வேளை, எதிரே வாகனம் இல்லை. காலையில் பார்த்தால் இடது ஸ்ட்ரட்டின் சீல் பிய்ந்து, டயரின் உள்பக்கம் முழுக்க ஒயில்.

அசல் 90/10 என்றாலும் எங்கள் றோட்டுக்குச் சரிவராது. லேசாக விரியும், கஷ்டப்பட்டு அமுங்கும் என்றால், அடுத்தடுத்துக் கிடங்கு வரும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் மேலே ஏறிக்கொண்டு போகும். இறங்க நேரம் கிடைக்காது. அந்த நிலையில் வளைவில் திருப்பிப் பாருங்கள், அல்லது சடுதியாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். இரவில் எங்கள் றோட்டில் மாடு படுத்திருக்கும், டவுனுக்குள் மான் குறுக்கே போகும். பிரேக் பிடிக்க வேண்டிய ஊர் இது.

அதோடு ஸ்ட்ரட் வெறும் ஷொக் அல்ல. கேஈ70இல் இருக்கும் மக்பர்சன் வகை ஸ்ட்ரட்டில், சில்லை மேலே பிடிக்கும் தனி ஆர்ம் கிடையாது. சில்லை நிமிர்ந்து நிற்க வைப்பதும் ஸ்டியரிங்கோடு திரும்புவதும் அந்தக் கால்தான். பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு அந்தக் காலின் கம்பியில் விழுகிறது. பந்தயத்துக்கு மட்டும் என்று எடை குறைத்துச் செய்யும் ஸ்ட்ரட்டுகளைக் கிடங்கில் போட்டு அடித்தால் கம்பி வளையும். ஓட்டத்துக்குப் போகும், களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்த ஓடுபாதைக்கு இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஓட்டம் பதினைந்து, பதினாறு செக்கன். மிச்சமெல்லாம் றோட்டுத்தான்.

சரி, எதை வாங்குவது? கேஈ70இல் ஸ்ட்ரட் குழாய், சில்லு சுழலும் அச்சான ஸ்பிண்டிலோடு ஒட்டியே இருக்கும். மேலே உள்ள பெரிய நட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புது கார்ட்ரிட்ஜை (மூடிய ஷொக் உருளையை) இறக்கலாம். அதனால் முழுக் காலையும் மாற்றத் தேவையில்லை. வாங்குவதற்கு முன் குழாயின் உள்விட்டத்தையும் ஆழத்தையும் வேர்னியர் வைத்து அளந்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "கொரோலாவுக்குத்தான்" என்று நாலு விதமான கார்ட்ரிட்ஜ் எடுத்துக் காட்டுவார்கள், நாலும் நாலு அளவு. இறக்கும்போது குழாய்க்குள் கொஞ்சம் ஒயில் விட்டுவிட்டு இறக்குங்கள். கார்ட்ரிட்ஜின் சூடு வெளிக்குழாய்க்குப் போக அது வேண்டும். கனபேர் இதை விட்டுவிடுகிறார்கள். நட்டை இறுக்கியபிறகு கார்ட்ரிட்ஜ் உள்ளே துளியும் ஆடக்கூடாது. ஆடினால் அடியில் வளையம் வைத்து உயர்த்த வேண்டும்.

திருகி மாற்றக்கூடிய வகை என்றால் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் திருகு எதை மாற்றுகிறது? மஞ்சள் நிற கோனி ஸ்போர்ட் வகையில் ரீபவுண்ட் மட்டும் மாறும். நமக்கு வேண்டியது அதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றும் வகையில் விரிவை இளக்கினால் அமுக்கமும் இளகி, என் மெல்லிய ஒயில் கதைதான் திரும்ப வரும்.

அடுத்தது விரியும் தூரம். ஸ்ட்ரட் எவ்வளவு நல்லதென்றாலும், காரைத் தாழ்த்திக் குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால் மூக்கு எழும்ப இடமே இருக்காது. கார் தரையில் நிற்கும்போது சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளங்கள். பிறகு ஜாக்கியில் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டு அளங்கள். வித்தியாசம் என் காரில் 70 மில்லிமீற்றர், எனக்கு அது தாராளம். 20, 30தான் வருகிறதென்றால் ஸ்ட்ரட் வாங்கும் காசை முதலில் ஸ்பிரிங்கில் போடுங்கள்.

ஓடுபாதையில் ரீபவுண்டை முழுக்க இளக்கி ஆரம்பியுங்கள். ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டயர் முதலில் பிடித்து, மூக்கு உச்சிக்குப் போய் முட்டிய பிறகு வழுக்கினால் ரீபவுண்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றி, முதல் 60 அடிக்கு எடுத்த நேரத்தைப் பாருங்கள். முழு நேரத்தில் கியர் மாற்றிய பிழையும் கலந்திருக்கும், 60 அடி பொய் சொல்லாது. என் பொனட்டின் உள்பக்கம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கிறேன். அதில் பென்சிலால் "வீடு: ஒன்றரைச் சுற்று. ஓட்டம்: பூச்சியம்" என்று இருக்கிறது. ஓட்டம் முடிந்து வெளிக்கிட முதல் அதைப் பார்த்துத் திருகிவிட்டுத்தான் சாவி போடுவேன்.

இதெல்லாம் பின்சில்லு இழுக்கும் காருக்கு. பிற்கால ஸ்டார்லட், சிவிக் போல முன்சில்லு இழுக்கும் கார் என்றால் தலைகீழ்: முன்பாரம் பின்னுக்குப் போகாமல் பிடித்துவைக்க வேண்டும், ஆகவே முன் ரீபவுண்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். அந்தக் காருக்கு யாராவது 90/10 சொன்னால் கேட்காதீர்கள்.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்று, உப்புக் காற்று. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இருந்தால் ஸ்ட்ரட் கம்பியின் குரோமில் ஊசிமுனை அளவு துரு வந்தாலே போதும், அது சீலை அறுத்துவிடும். ரப்பர் உறை கிழிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். உயரத்தை மாற்ற மரையும் வளையமும் வைத்த ஸ்ட்ரட்டான கொயிலோவர் போடுகிறவர்கள் மாதத்துக்கு ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு கிரீஸ் பூசாவிட்டால், ஒரு வருடத்தில் வளையம் அசையாது.

நிலாவெளி றோட்டு நேராக இருக்கிறதே என்று இரவில் அங்கே சோதித்துப் பார்க்க மட்டும் போகாதீர்கள். சைக்கிளில் லைட் இல்லாமல் வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

எல்லாம் பூட்டியபின் வீல் அலைன்மென்ட் செய்யும்போது டோவை (முன்சில்லுகள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவை) இரண்டு உயரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்: கார் சாதாரணமாக நிற்கும்போது ஒன்று, மூக்கை 50 மில்லிமீற்றர் தூக்கி வைத்து ஒன்று. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், கிளட்சை விட்ட நேரம் கார் தானாகப் பக்கத்துக்கு இழுக்கும். அளவுகளை எடுத்துக் கீழே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.