எல்மைராவில் ஒரு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட கரோலினாவில் வசிக்கிறேன். மனைவி இந்த ஊர்க்காரர். அவருடைய முப்பாட்டன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்புப் படையில் இருந்தவர். 1865 ஜனவரி 15 அன்று ஃபிஷர் கோட்டையில் பிடிபட்டு, நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா சிறைமுகாமில் மார்ச்சில் நிமோனியாவால் இறந்திருக்கிறார். தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து கிடைத்தவை ஆறே அட்டைகள். அதிலும் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. யாரோ குமாஸ்தா எழுதிய உயிரில்லாத தாள்கள். அவரிடம் அடிமைகள் இருந்ததில்லை என்பது மட்டும் ஆறுதல். மேற்கொண்டு எங்கே தேடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர்க் குழப்பத்தை விடுங்கள். காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. கூட்டமைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தவை மாநில அரசுகள். ஆகவே ராலேயில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் அந்த முப்பாட்டனுடைய மனைவியின் பெயரில் தேடிப் பாருங்கள்.

அந்த ஆறுதலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். சொந்தமாக அடிமை இல்லாவிட்டாலும், அடிமைமுறையைக் காக்க எழுந்த அரசுக்காகத்தான் அவர் துப்பாக்கி ஏந்தினார். உங்கள் பிள்ளைகளிடம் இதை மழுப்பாமல் சொல்லுங்கள்.

சரி, 'உயிரில்லாத தாள்கள்' என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மஸ்டர் ரோல் என்ற படைப் பெயர்ப்பட்டியல், ஆஸ்பத்திரிப் பதிவேடு, சிறை ஏடு என்று சிதறிக் கிடந்தவற்றிலிருந்து 1903க்குப் பிறகு வாஷிங்டனில் உட்கார்ந்து வரி வரியாகப் பெயர்த்த அட்டைகள் அவை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பேனா பிடித்த ஒரு கை இருக்கிறது. எல்மைராவில் அந்தக் கை யாருடையது தெரியுமா?

ஜான் டபிள்யூ. ஜோன்ஸ். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1844இல் தப்பி வந்தவர். வடக்கே ஓடிவந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒளிவிடம் தந்தவர். எல்மைராவின் உட்லான் கல்லறைத் தோட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரே ஆண்டில் அந்த முகாமுக்கு வந்த 12,000 பேரில் ஏறத்தாழ 3,000 பேர் செத்தார்கள். தன்னை அடிமையாகவே வைத்திருக்க விரும்பிய படையின் பிணங்கள், வண்டி வண்டியாக. ஒரு பிணத்துக்கு இரண்டரை டாலர் கூலி. குழியில் தள்ளி மண்ணை மூடியிருந்தாலும் அன்று கேட்பாரில்லை. அவர் ஒவ்வொருவருக்கும் பெயர், ரெஜிமென்ட், இறந்த தேதி, குழி எண் என்று எழுதி வைத்தார். ஆயிரக்கணக்கானவர்களில் பெயர் தெரியாமல் போனவர்கள் ஏழே பேர்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம் அங்கே போயிருந்தேன். தலை கூர்மையான வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. ஒரு கல்லின் முகத்தில் பனி உறைந்து கிடந்தது. கையுறையால் தேய்த்தேன். முதலில் ஒரு எண், அப்புறம் ஒரு பெயர் தெரிந்தது. யாரென்றே தெரியாதவர். அந்தக் குளிரில் அதைச் சத்தமாக வாசித்தேன்.

மனைவியுடன் ஒருமுறை போய் வாருங்கள். அட்டையில் உள்ள குழி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.