மாசம் ஒரு தலைப்பு, எந்த புக் எடுக்கறது?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க டீச்சருங்க ஒன்பது பேர் சேர்ந்து இந்த வருஷம் மாசம் ஒரு தலைப்புன்னு ரீடிங் சேலஞ்ச் ஆரம்பிச்சிருக்கோம். ஜனவரி மலை, பிப்ரவரி மொழிபெயர்ப்பு, மார்ச் தண்ணீர், ஏப்ரல் காடு, மே தன்வரலாறுன்னு போகுது. எந்த புக்னு தேடறதுலயே பாதி மாசம் ஓடிடுது, எடுத்ததும் பாதியில நிக்குது. எப்படிக்கா செலக்ட் பண்றது?
- வாசகி, குன்னூர்

பதில்: மே மாசத்துக்கு தன்வரலாறு வெக்கலாம்னு யாரும்மா சொன்னது? சீசன் நேரம், ஊட்டில ஃப்ளவர் ஷோ, உங்க சிம்ஸ் பார்க்ல பழக்கண்காட்சி, கீழேருந்து சித்தி பெரியம்மான்னு அத்தனை சொந்தமும் வந்து ஹால்ல பாய் போட்டு படுத்திருக்கும்போது உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' எடுத்தா எப்படி முடியும், 122 அத்தியாயம் அது. அதை அப்படியே நவம்பருக்கு தள்ளிடுங்க. மழை பிடிச்சுக்கும், மேட்டுப்பாளையம் ரோட்ல எங்கயாவது மண்ணு சரிஞ்சிருக்கும், கரண்ட் போய்ப் போய் வரும், அப்போ ஒரு நாளைக்கு நாலு அத்தியாயம்னு படிச்சா மாசக் கடைசில ரெண்டே ரெண்டுதான் மிச்சம். 1940ல ஆனந்த விகடன்ல தொடரா வர ஆரம்பிச்சது, அதனால கொஞ்சம் கொஞ்சமா படிக்க அவ்வளவு தோதா இருக்கும்.

தலைப்பு தெரிஞ்சதும் நான் முதல்ல காலண்டரைத்தான் எடுப்பேன். இந்த மாசம் உருப்படியா எத்தனை ராத்திரி கிடைக்கும்னு எண்ணுவேன், ராத்திரிக்கு இருபது பக்கம்னு வெச்சா எவ்வளவு தடிமன் புக் தாங்கும்னு தெரிஞ்சிரும், அதுக்கப்புறம்தான் பேரே பாப்பேன். மார்ச்ல உங்களுக்கு பரீட்சை, பேப்பர் கட்டு வீட்டுக்கே வந்துரும், அதனால அசோகமித்திரனோட 'தண்ணீர்' எடுங்க, மெலிசு, சென்னையில குடத்தைத் தூக்கிட்டு அலையற பொம்பளைங்க கதை. ஏப்ரலுக்கு ஜெயமோகனோட 'யானை டாக்டர்', டாப்ஸ்லிப்ல யானைங்களுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியைப் பத்தினது, ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிரும்.

ஆனா மலைன்னு தலைப்பு வெச்சுட்டு ராஜம் கிருஷ்ணனோட 'குறிஞ்சித்தேன்' படிக்காம விட்டீங்கன்னா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். நீலகிரில வாழற படகர் குடும்பங்களோட கதை, தேயிலையும் கரண்ட் திட்டமும் இந்த மலைக்குள்ள வந்தப்போ அவங்க வாழ்க்கை எப்படி மாறிச்சுன்னு இங்கயே வாழ்ந்து பாத்து எழுதினாங்க அவங்க. எங்க கிளை நூலகத்துல அந்த புக்கை எடுத்து பின்னாடி ஒட்டியிருக்கற தேதித்தாளைப் பாத்தேன், கடைசி முத்திரை ஊதா மசி வெளிறிப்போய் ஏழு வருஷத்துக்கு முந்தின தேதி. பக்கமெல்லாம் ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணா விரல்ல பிரிச்சு பிரிச்சுதான் படிச்சேன். அவங்க எழுத்து எல்லாம் நாட்டுடைமை ஆயிடுச்சு, காசு குடுத்துத்தான் வாங்கணும்னு இல்ல, நெட்ல தேடியும் படிக்கலாம். ஜனவரி முடிஞ்சு போச்சுன்னா என்ன, எந்த மாசத்துல வேணா எடுங்க.

கேள்வி: சிறுகதைத் தொகுப்புல பாதி படிச்சா ஒரு புக் கணக்கா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: தாராளமா. எந்தக் கதை வரைக்கும் படிச்சோம்னு மட்டும் குறிச்சு வைங்க, இன்னொரு தலைப்புக்கு மிச்சக் கதை உதவும்.

கேள்வி: அக்கா, எங்க குரூப்ல இந்த மாசம் மொழிபெயர்ப்பு. எங்க அப்பாயி சிலோன்ல கொழுந்து பறிச்சவங்க, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இங்க வந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. நான் படிக்கறதை அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டணும்னு ஆசை. எது எடுக்கலாம்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன்டா. 'எரியும் பனிக்காடு' எடு. எஸ்டேட் டாக்டரா இருந்த பி.எச்.டேனியல் 1969ல இங்கிலீஷ்ல எழுதினது, இரா.முருகவேள் தமிழ்ல கொண்டு வந்தாரு. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போன ஜனங்களோட கதை. ஒண்ணு சொல்லிடறேன், அதுல சாவு, நோவு, அடி உதை எல்லாம் நிறைய வரும். நீ முதல்ல தனியா முழுசா படிச்சுடு, எந்தப் பக்கத்தை வாசிக்கணும் எதைத் தாண்டணும்னு உனக்குத் தெரியும். ராத்திரில வேணாம், பகல்ல வாசல்ல வெயில் இருக்கும்போது அவங்க பக்கத்துல உக்காந்து பத்து பக்கம் வாசி. கங்காணி (வேலை வாங்கறவர்), லயம் (வரிசை வீடு), பெரட்டு (காலைல ஆள் கணக்கெடுக்கறது)ன்னு வரும்போது அவங்களே நடுவுல நிறுத்தி "எங்க தோட்டத்துல இப்படி"ன்னு சொல்ல ஆரம்பிப்பாங்க, அப்போ புக்கை மூடி வெச்சுட்டு கேளு, அன்னைக்கு ஒரு பக்கம்கூட ஓடலன்னாலும் பரவாயில்ல. சொந்த புக்கா இருந்தா அவங்க சொல்ற வார்த்தையை எல்லாம் ஓரத்துல பென்சில்ல எழுதி வை, லைப்ரரி புக்னா ஒரு நோட்டு போடு. அதுல ரெண்டு மூணு பக்கம் எனக்கும் அனுப்பி வைடா.