விற்பவர் வாய் திறக்கவில்லை என்றால் அது மோசடியா?

கேள்வி: ஏழு ஆண்டுகள் ஓடிய சொகுசு கார் ஒன்றுக்காகப் பழைய கார் விற்பனையாளர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகுதான் அதே மாடல், அதே ஆண்டுக் கார்களின் உரிமையாளர்கள் எழுதிய புகார்களைத் தேடிப் படித்தேன். ஓடும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது, ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தால் காரைத் தாங்கும் அமைப்பு) ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். விற்பனையாளரோ, "வண்டி அருமையாக இருக்கிறது, உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இந்தப் புகார்களுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? வாங்கிய பின் பழுது வந்தால் வழக்குத் தொடரலாமா? முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நீங்கள் தேடிப் படித்தது நல்ல காரியம். ஆனால் படித்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டு காரை வாங்கிவிட்டால், அந்தப் படிப்பே நாளை உங்களுக்கு எதிராகத் திரும்பும். அதனால்தான் இதற்குச் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவில் மோசடி எது என்று சொல்லும்போது ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோய்கொண்ட குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம். பேசவேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் குற்றமாகாது. அதே பிரிவில் வரும் இன்னோர் உதாரணம்தான் உங்களுக்கு உரியது. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் அப்போதும் பேசவில்லை. இங்கே அவருடைய மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை போய்க் கார் வந்துவிட்டது. விதி அப்படியே இருக்கிறது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இதே வழியில் செல்வதுதான்.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் புகார்களைக் கேள்விகளாக மாற்றுங்கள். "வண்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் பதில் வரும். அது விற்பவர் தன் சரக்கைப் புகழும் பேச்சு. நீதிமன்றத்தில் அதற்குப் பெரிய எடை கிடையாது. மாறாக, "இந்தச் சேசிஸ் எண் கொண்ட காரில் ஓட்டத்தின்போது எஞ்சின் அணைந்ததுண்டா? ஏர் சஸ்பென்ஷனில் எந்தப் பாகம், எப்போது மாற்றப்பட்டது? நிறுவனம் குறையுள்ள கார்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு (ரீகால்) வெளியிட்டு, சரிசெய்யப்படாமல் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? நீங்கள் மறுக்காவிட்டால் இக்குறைகள் இல்லை என நம்பியே வாங்குவேன்" என்று எழுத்தில் அனுப்புங்கள். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் போதும். தேதி தெரியும்படி பாதுகாத்து வையுங்கள்.

எழுத்தில் கேட்கச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தவறான தகவலாலோ மோசடியான மௌனத்தாலோ ஒருவர் ஏமாந்திருந்தாலும், சாதாரண அக்கறையோடு தேடியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால், அவரால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. இங்கிலாந்தில் 1881-ஆம் ஆண்டின் ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் தீர்ப்பு, சரிபார்க்கும் வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக ஏமாந்தவரைத் தண்டிக்க மறுத்தது. இந்தியச் சட்டம் அவ்வளவு இளகியதல்ல. புகார்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருக்கும் இந்தக் காலத்தில், "தேடியிருந்தால் தெரிந்திருக்குமே" என்ற எதிர்வாதம் எளிதாக எழும். ஆனால் தெரிந்தே சொல்லப்பட்ட பொய்க்கும், குறையை வேண்டுமென்றே மூடி மறைத்ததற்கும் இந்த விதிவிலக்கு பொருந்தாது. கேள்விக்குப் பொய்யாக எழுதப்பட்ட பதில், அதைக் காட்டும் நேரடிச் சான்று.

மூடி மறைப்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு: விற்பனைக்கு முன் காரின் கணினியில் பதிந்த பழுதுக் குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிடுவார்கள். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். ஆனால் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால், கார் தன்னைத்தானே சோதிக்கும் பரிசோதனைகள் பல முடியாமல் நிலுவையில் நிற்பதை மெக்கானிக் கண்டுகொள்வார். விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் சோதித்து, இதையும் குறிப்பிடும்படி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இனி, உரிமையாளர் புகார்களின் மதிப்பு. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அவற்றை மாடல், ஆண்டு வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. யாரும் அங்கே புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு புகாரும் உண்மை என்று அந்த அமைப்பு சான்றளிப்பதில்லை. புகார்கள் ஒரே திசையில் குவியும்போது விசாரணை தொடங்கி, குறை உறுதியானால் திரும்பப் பெறும் நிலைக்கு அது போகும். எனவே எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். தொடர்பில்லாத பலர், ஒரே பாகத்தை, ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில், ஒரே விதமான சூழலில் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். உங்கள் காரில் இருப்பது அதே எஞ்சின்தானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு எஞ்சின்கள் விற்கப்படுவதுண்டு. நிறுவனங்கள் தம் சர்வீஸ் மையங்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் அதே தளத்தில் கிடைக்கும். புகாரைவிட அவற்றுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன், ஏனென்றால் அங்கே பேசுவது நிறுவனமே.

திரும்பப் பெறும் அறிவிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த ஏர்பேக்கில் வாயுவை உண்டாக்கிய அம்மோனியம் நைட்ரேட் நீண்ட கால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்துச் சிதறி மனித உயிர்களைப் பறித்தது. விலையுயர்ந்த பிராண்டுகளும் அதில் தப்பவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்து 17 குறிகள் கொண்ட உங்கள் காரின் சேசிஸ் எண்ணை அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கொடுத்து, நிலுவை ஏதும் உண்டா என்று கேளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

வழக்கு என்று வந்தால் மற்றவர்களின் புகார்கள் துணைச் சான்று மட்டுமே. உங்கள் காரில் அந்தக் குறை விற்பனையின்போதே இருந்தது என்பதை நிபுணர் அறிக்கைதான் நிறுவ வேண்டும். வியாபாரியிடம் வாங்குவதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தன் சொந்தக் காரை விற்கும் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கடினம். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் தேய்மானத்துக்கும் கண்ணில் படும் குறைக்கும் பொருந்தும். தெரிந்தே சொன்ன பொய்யை அது காப்பாற்றாது. பொய் என்று தெரிந்த பிறகும் காரை ஓட்டிக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகிவிடும். அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்தி அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, முதலில் ரசீதின் வாசகத்தைப் படியுங்கள். புகார்களைப் படித்துப் பயந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி விலகினால், ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள்தான் என்று அவர் வாதிட இடமுண்டு. மெக்கானிக் அறிக்கையில் அவர் எழுதியதற்கு முரணான குறை வெளிப்பட்டால் நிலைமை வேறு. ஒப்பந்தத்தை ரத்து செய்து முழுத்தொகையையும் கேட்கலாம். எனவே இந்த வாரமே கேள்விக் கடிதத்தை அனுப்பிவிட்டு, சோதனைக்குக் காரைத் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். பதிலும் அறிக்கையும் கைக்கு வரும்வரை மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவங்களிலும் கையெழுத்திடாதீர்கள்.