கிரீன்லாந்தில் ஒரு போதகர் குடும்பம்: கேள்வி பதில்

தொடங்குவதற்கு முன் இரண்டு வேண்டுகோள்கள். நான் படித்திருப்பது டேனிஷ் அரசு கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்கு அனுப்பிய மிஷன் பணியைப் பற்றியும், அதே காலத்தில் அங்கு வந்த மொராவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையினரைப் பற்றியும் மட்டுமே. உலகத்து மிஷன் வரலாறு முழுவதையும் என்னிடம் கேட்க வேண்டாம். அடுத்தது, மிஷனரிகளின் கடிதங்களைப் படிக்கும்போது அவை யாருக்கு எழுதப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். பணம் அனுப்புகிறவருக்கு எழுதிய கடிதம் பணம் அனுப்புகிறவர் கேட்க விரும்பியதையே முதலில் சொல்லும்.

கேள்வி: ஹான்ஸ் எகெடே அங்கு போனது கிரீன்லாந்து மக்களுக்காகவா?

இல்லை, முதலில் அவர்களுக்காக அல்ல. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஒரு சபைக்குப் போதகராக இருந்த அவர், பழங்காலத்தில் கிரீன்லாந்தில் குடியேறிய நார்வேஜியர்களின் வழித்தோன்றல்கள் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேள்விப்படாமலே அங்கு வாழ்ந்துகொண்டிருப்பார்கள் என்று நம்பினார். அவர்களைப் பற்றிய கடைசி எழுத்துச் சான்று 1408இல் ஹ்வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு திருமணம். பெர்கன் நகர வணிகர்களின் உதவியோடு, மனைவி கெர்ட்ரூட் ராஸ்க், நான்கு குழந்தைகள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஆகியோருடன் 1721 ஜூலை 3 அன்று அவர் கரையிறங்கியபோது எதிரே வந்தவர்கள் கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான கலாலித் மக்கள். தெற்கே தேடிப்போய் அவர் கண்டவை இடிந்த சுவர்கள் மட்டுமே. தேடிப்போனவர்கள் இல்லை என்றானபின் கண்முன் இருந்தவர்களோடு தங்கிவிட்டார்.

கேள்வி: தரங்கம்பாடி மிஷனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்துசேர்ந்த மிஷனரிகள் சீகன்பால்குவையும் புளூட்சோவையும் அனுப்பிய அதே டேனிஷ் அரசர் நான்காம் ஃபிரடெரிக்தான் எகெடேவுக்கும் ஒப்புதல் அளித்தார். கோபன்ஹேகனில் 1714இல் அமைக்கப்பட்ட மிஷன் கழகமே இரண்டு பணிகளையும் மேற்பார்த்தது. ஆனால் ஒரு வேறுபாட்டை நம்மவர்கள் கவனிப்பதில்லை. தரங்கம்பாடியில் டேனிஷ் வணிகக் கம்பெனி வேறு, மிஷன் வேறு. கோட்டைத் தளபதி சீகன்பால்குவைச் சிறையிலேயே அடைத்தார். கிரீன்லாந்திலோ எகெடே பிரசங்கமும் செய்தார், திமிங்கிலக் கொழுப்புக்குக் கணக்கும் பார்த்தார். ஜெபப் புத்தகத்தையும் துலாக்கோலையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்தால் எதிரே நிற்பவர் எதைப் பார்த்துத் தலையசைக்கிறார் என்பது அவருக்கே தெரியாமல் போகும். இந்த நெருக்கடி எகெடேயின் எழுத்துகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர் அதைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள்.

கேள்வி: பனிக்கட்டி வீடுகளில் எப்படித் தங்கினார்கள்?

யாரும் பனிக்கட்டி வீட்டில் தங்கவில்லை. மேற்குக் கிரீன்லாந்தின் குளிர்கால வீடு கல்லாலும் புல்கரணையாலும் கட்டியது. கடல்நாய்க் கொழுப்பு எரியும் விளக்கின் வெப்பத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருந்தன. எகெடேயும் அவருடைய மகன்களும் மொழி கற்க அந்த வீடுகளிலேயே போய்த் தங்கினார்கள். தந்தை இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சிறுவன் பவுல் விளையாட்டுத் தோழர்களிடமிருந்து மொழியை எளிதாக அள்ளிக்கொண்டான். விவிலியக் கதைகளுக்குப் படம் வரைந்து விளக்கியவனும் அவனே. 1750இல் அகராதி, 1760இல் இலக்கணம், 1766இல் புதிய ஏற்பாடு என மூன்றும் பிற்காலத்தில் அவன் பெயரில் வந்தவை.

கேள்வி: கர்த்தருடைய ஜெபத்தில் வரும் 'அன்றாட அப்பம்' என்பதை 'அன்றாடக் கடல்நாய்' என்று மாற்றினார்களாமே? இது வேதத்தைத் திரிப்பதாகாதா?

பிரசங்கங்களில் அழகாகச் சொல்லப்படும் கதை இது. இதை வரலாறாக எழுத நான் உடன்படமாட்டேன். ஆனால் திரிப்பு என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். தானியம் விளையாத நாட்டில் அப்பம் என்பது கப்பல்காரர்களின் தீனி. அதைக் கேட்டு ஜெபிக்கச் சொன்னால், கடவுளிடம் டேனிஷ்காரர் வீட்டுச் சாப்பாட்டைக் கேள் என்று சொன்னதாகிவிடும்.

அதே நண்பர் மீண்டும்: அப்படியானால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வேதமா? மூலத்தில் அப்பம் என்றிருந்தால் அப்பம் என்றுதான் இருக்க வேண்டும்.

நண்பர் இன்று காலை எந்த மொழியில் ஜெபித்தார் என்று கேட்க விரும்புகிறேன். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் அந்த வரி 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்றே இருக்கிறது, அப்பம் இல்லை. கிரேக்க மூலத்தில் இருப்பது அப்பத்தைக் குறிக்கும் சொல்தான். அதே சொல் யோவான் ஆறாம் அதிகாரத்தில் வரும்போது நம் மொழிபெயர்ப்பு 'ஜீவ அப்பம் நானே' என்கிறது. ஒரே சொல்லை ஓரிடத்தில் ஆகாரம் என்றும் மற்றோரிடத்தில் அப்பம் என்றும் மொழிபெயர்த்த நம் முன்னோரை யாரும் திரித்தவர்கள் என்று சொல்வதில்லை.

மூன்றாவது முறை: கடல்நாய் என்று தொடங்கினால் 'ஜீவ கடல்நாய் நானே' என்றா முடிப்பது? ஐயா நழுவுகிறார்.

நழுவவில்லை, இது நல்ல கேள்வி. ஜெபத்தில் பசி பேசுகிறது. அங்கு எந்த உணவும் பொருந்தும். யோவானிலோ வனாந்தரத்து மன்னா, பலுகிய அப்பம், திருவிருந்து ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்த்தால் துணியே பிரிந்துவிடும். எங்கே மாற்றலாம், எங்கே மாற்றக்கூடாது என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானிப்பதே மொழிபெயர்ப்பாளனின் வேலை, அதற்கு ஒரே விதி கிடையாது.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றை யாருமே கேட்கவில்லை. நரகம் கீழே, பரலோகம் மேலே என்று மிஷனரிகள் போதித்தார்கள். கலாலித் மக்களின் நம்பிக்கையிலோ இறந்தவர்களில் நற்பேறு பெற்றவர்கள் பூமிக்கும் கடலுக்கும் அடியில், வெப்பமும் உணவும் நிறைந்த இடத்தில் இருந்தார்கள். மேலே போனவர்கள் குளிரிலும் பசியிலும் வாடினார்கள். குளிரில் உறைந்த ஒருவரிடம் கீழே நெருப்பு இருக்கிறது என்று எச்சரித்தால் அவர் என்ன நினைத்திருப்பார்? ஒரு சொல்லை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மேலும் கீழும் இடம் மாறிய உலகத்தில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்வதற்கு எகெடேவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அப்பத்தைப் பற்றி மூன்று முறை கேட்ட நண்பர் இதைப் பற்றி ஒரு முறை யோசித்தால் நான் மகிழ்வேன்.

கேள்வி: கட்டாய மதமாற்றம் நடந்ததா?

அங்காக்கோக் எனப்படும் அவர்களின் ஆவியுலக வல்லுநர்களை எகெடே அடித்திருக்கிறார். அவருடைய எழுத்திலேயே அது இருக்கிறது. அதை மறைப்பது தவறு. ஆனால் வாள்முனையில் திருமுழுக்கு என்ற படமும் பொருந்தாது. விரல்விட்டு எண்ணக்கூடிய வெளியாட்கள், ஆண்டுக்கொரு கப்பல், வேட்டைக்குக் கலாலித் மக்களையே நம்பிய வயிறு. இந்த நிலையில் பலவந்தத்திற்கு எல்லை இருந்தது. வணிகத்தின் மூலம் வந்த அழுத்தத்தையே அடியைவிடக் கூர்ந்து ஆராய வேண்டும்.

கேள்வி: மிஷனரிகள் மக்களை மிரட்டி மதம் மாற்றினார்களா?

மேலே உள்ள பதில்.

கேள்வி: போதகரின் மனைவியைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே, ஏன்?

அம்மையாரின் கேள்விக்கு நன்றி. எகெடேயைவிடப் பதின்மூன்று வயது மூத்தவரான கெர்ட்ரூட் முதலில் இந்தப் பயணத்திற்கு மறுத்தவர். முடிவெடுத்த பிறகு அசையாதவரும் அவரே. 1722இல் உணவுக் கப்பல் வரத் தாமதமானபோது ஆட்கள் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டினார்கள். கெர்ட்ரூட் கட்ட மறுத்தார், கப்பலும் வந்து சேர்ந்தது. அடுத்த அரசர் ஆறாம் கிறிஸ்டியன் குடியேற்றத்தைக் கலைத்து ஆட்களைத் திரும்ப அழைத்தபோதும் சிலரோடு அந்தக் குடும்பம் தங்கியது.

1733இல் கோபன்ஹேகனிலிருந்து திரும்பிய ஒரு கிரீன்லாந்துச் சிறுவன் மூலம் பெரியம்மை பரவியது. நோயைப் பற்றி எதுவுமே அறியாத மக்களிடையே அது வீடு வீடாகப் புகுந்தது. கெர்ட்ரூட் நோயாளிகளைத் தம் வீட்டிற்கே கொண்டுவந்து பராமரித்தார். 1735இல் அவரும் இறந்தார். மறுஆண்டு எகெடே மனைவியின் உடலை எடுத்துக்கொண்டு கோபன்ஹேகன் திரும்பினார். விடைபெறும்போது அவர் பிரசங்கத்திற்கு எடுத்த வசனம் ஏசாயா 49:4, அதாவது வீணாய் உழைத்தேன் என்னும் வசனம். நோயைக் கொண்டுவந்ததும் டென்மார்க்கின் கப்பல், நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்ததும் முன்பு இன்னொரு கப்பலில் வந்தவர்களில் ஒருத்தி. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதியை மட்டும் எழுதுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

கேள்வி: மொராவியர்கள் எகெடேயைவிட வெற்றி பெற்றார்களா?

1733இல் வந்த அவர்களுக்கும் ஐந்து ஆண்டுகள் ஒருவரும் கிடைக்கவில்லை. 1738இல் கிறிஸ்துவின் பாடுகளைப் படித்துக் காட்டியபோது கஜார்னாக் என்பவர் மனம் நெகிழ்ந்து, மறுஆண்டு குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார். எகெடேயோடு அவர்களுக்கிருந்த சச்சரவைக் கேட்டால் விடிந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மக்களை மிஷன் வளாகத்தைச் சுற்றிக் குடியமர்த்தியதால் வேட்டைக்குச் சுற்றித்திரிந்த வாழ்க்கை குலைந்தது என்று பின்னாளில் டேனிஷ் அதிகாரி ரிங்க் குறை சொன்னார். அந்தக் குறை நியாயமானதே. 1900இல் மொராவியர்கள் கிரீன்லாந்தைவிட்டு வெளியேறினார்கள்.

கேள்வி: நானும் ஒரு வெளிநாட்டுக் கிராமத்திற்கு மிஷனரியாகச் செல்ல விரும்புகிறேன். விசா எப்படிப் பெறுவது?

உங்கள் சபையையும் அந்த நாட்டுத் தூதரகத்தையும் கேளுங்கள். பயணத்திற்கு முன் அந்த ஊர் மொழியைக் கற்கத் தொடங்குங்கள்.

கேள்வி: அங்கே கட்டாயப்படுத்தி...

இதே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லியாகிவிட்டது. படிக்காமல் கேட்பவர்களுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி: எகெடேயின் சிலையைக் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் அகற்றிவிட்டார்களா?

இல்லை. 2020 ஜூனில் சிலைமீது சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டது. பிறகு நகரவாசிகளிடம் வாக்கெடுத்தார்கள். வைத்திருக்க 921 பேரும் அகற்ற 600 பேரும் வாக்களித்தார்கள். வாக்கில் தோற்ற 600 பேரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: முதலில் அவர்கள் குடியிருந்த இடம் இன்று எப்படி இருக்கிறது?

நூக்கிற்கு மேற்கே காங்கெக் பக்கத்துத் தீவுகளில்தான் முதல் ஏழு குளிர்காலங்களைக் கழித்தார்கள். 1728இல்தான் நிலப்பரப்பிற்கு மாறி இன்றைய நூக்கின் தொடக்கமான கோட்ஹாப்பை அமைத்தார்கள். அந்தக் காங்கெக் ஊரில்தான் அடுத்த நூற்றாண்டில் ஆரோன் என்ற கலாலித் வேட்டைக்காரர் காசநோயில் படுத்தபடி தம் மக்களின் பழங்கதைகளைப் படங்களாக வரைந்தார். நார்வேஜியர்களோடு நடந்த பழைய சண்டைகளும் அவற்றில் இருக்கின்றன. எகெடே தேடிப்போய்க் காணாதவர்கள் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். 1970களில் ஊர் காலியாகிவிட்டது.