வாசகர் கேள்வி–பதில்: எல்லாரும் முதலாளிக்கே போன் போட்டால்?

கேள்வி: சிங்கப்பூரில் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை, தெம்பனிஸில் இன்னொன்று, இரண்டுக்கும் சமைத்து அனுப்ப உட்லண்ட்ஸில் சமையற்கூடம். ஊழியர்கள் 23 பேர். வெங்காயம் தீர்ந்தாலும் எனக்குத்தான் போன், விடுப்பு வேண்டுமென்றாலும் எனக்குத்தான். மைத்துனரைப் பொது மேலாளராகப் போட்டுவிட்டால் சரியாகுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: ஆகாது. எதை அவரே முடிவு செய்யலாம் என்று எழுதி வைக்காதவரை, அவரும் உங்களுக்குத்தான் போன் போடுவார்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இரண்டு வாரம், வரும் ஒவ்வொரு போனையும் குறியுங்கள்: யார், எதற்கு, எவ்வளவு பணம், மறுநாள்வரை பொறுத்திருக்குமா? பெரும்பாலானவை கடையிலேயே முடியக்கூடியவை என்பது தெரிந்துவிடும். வேலை நேரப் பட்டியலை மாற்றுவது, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்புவது, குளிர்பெட்டிப் பழுது போன்றவற்றைக் கடைப் பொறுப்பாளரிடம் விடுங்கள். பழுதுக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பணம் திருப்ப 50 வெள்ளி என்று வரம்பு வையுங்கள் (உதாரணத்துக்குத்தான், உங்கள் ஒரு நாள் விற்பனையைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யுங்கள்). வாடகை ஒப்பந்தம், கடன், ஆள் சேர்ப்பது, நீக்குவது உங்களிடமே இருக்கட்டும்.

ஆக, உங்களுக்கு நேர்கீழே நான்கு பேர் போதும்: இரண்டு கடைப் பொறுப்பாளர்கள், தலைமைச் சமையற்காரர், கணக்காளர். ஒருவருக்குக் கீழ் 4 பேர் இருந்தால் கவனிக்க வேண்டிய உறவுகள் (அவரோடு தனித்தனியாக, குழுவாக, அவர்களுக்குள்ளேயே என எல்லாம் சேர்த்து) 44, 5 பேரானால் 100, 6 பேரானால் 222 என்று 1933இல் கிரைகுனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் கணக்குப் போட்டார். எல்லா உறவையும் ஒரே எடையாக எண்ணியதால் அது கொஞ்சம் மிகைதான். ஒரே வேலையைச் செய்யும் பத்துப் பேரை ஒருவர் சமாளித்துவிடலாம். ஆளுக்கொரு வேலை செய்யும் ஆறு பேர்தான் திணறடிப்பார்கள்.

உங்கள் அமைப்பில் முதலில் உடையும் இடம் லாரி ஓட்டுநர். இரண்டு கடையும் அவரையே அழைக்கும், குரல் பெரியதாக உள்ள கடைக்குக் குழம்பு முதலில் போகும். அவரைத் தலைமைச் சமையற்காரரின் கீழ் வையுங்கள். மறுநாள் தேவையைக் கடைகள் முந்தின மாலை 4 மணிக்குள் சமையற்கூடத்துக்கு அனுப்பட்டும். ஓட்டுநரை நேராக அழைக்கக் கூடாது.

சரக்குக்குச் சொல்பவர், வந்ததை எடைபோட்டுக் கையெழுத்திடுபவர், பணம் கட்டுபவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். மைத்துனரே ஆனாலும் மூன்றையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால், சரக்கு எடை குறைந்து வந்தாலும் யார் கண்ணிலும் படாது.

வேலைப் பொறுப்புகளும் பதவிப் பெயரும், ஊழியர் சேர்ந்து 14 நாளுக்குள் சிங்கப்பூர்ச் சட்டப்படி நீங்கள் எழுத்தில் தர வேண்டிய முக்கிய வேலை நிபந்தனைகளில் அடங்கியவை. பொறுப்பை மாற்றினால் அதையும் புதிதாக எழுதிக் கொடுங்கள்.

பிறகு உங்களுக்குத்தான் சோதனை. சமையல் உதவியாளர் நேரே உங்களிடம் வந்தால், “பொறுப்பாளரிடம் கேட்டீங்களா?” என்று திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை நீங்களே பதில் சொல்லிவிட்டால் பொறுப்பாளரை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கேள்வி: சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கூட்டாளிகள் இருவர், ஆளுக்கொரு உத்தரவு. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஜூரோங்

பதில்: ஒருவருக்கு ஒரே மேலாளர் என்பதை 1916லேயே பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஃபயோல் எழுதிவிட்டார்; இன்னும் கடைப்பிடிக்கத்தான் ஆளில்லை. உங்கள் விடுப்பும் வேலை வரிசையும் யார் கையில் என்று இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். மற்றவர் தரும் வேலையும் அந்த ஒருவர் வழியாகவே வரட்டும். அதுவரை தேதி உள்ள வேலைகளுக்கே முதலிடம்: சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் மத்திய சேம நிதிச் (ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான CPF) சந்தா. இவற்றைத் தள்ளிப்போடும்படி இருவரில் யார் சொன்னாலும், எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.