தேத்தண்ணியை நிறுத்துங்கள், ஓடுவதைப் பற்றி யோசிக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. படியேறினால் நெஞ்சு இறுக்குகிறது என்கிறா. இதயத்துக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்டை டொக்டர் செய்யச் சொல்லியிருக்கிறார். முழங்கால் நோவோடு அவ எப்படி மெஷினில் ஓடுவா? நீங்கள் இதைச் செய்துகொண்டதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள்.
- வாசகி, சாவகச்சேரி

பதில்: ஓம் தங்கச்சி, கொழும்பில் செய்தேன். என் முழங்காலும் உங்கள் அம்மாவின் கட்சிதான், அதனால் ஓடவில்லை. ஓட ஏலாதவர்களுக்கு அடினோசின் மாதிரி ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி இதயக் குழாய்களை விரியவைப்பார்கள். அந்த நாலைந்து நிமிடம் சுகமில்லை. முகம் சூடேறும், மூச்சு முட்டும், நெஞ்சை யாரோ அமத்துவது போலிருக்கும். தாதி ஈசிஜியில் வைத்த கண்ணை எடுக்காமலே "இப்ப போயிடும் ஐயா" என்றா. மருந்தை நிறுத்தியதும் போய்விட்டது. அம்மாவுக்கு இதை முன்னமே சொல்லிவையுங்கள். தொய்வு இருந்தால் டொக்டரிடம் மறைக்கவே கூடாது.

கஷ்டம் தேத்தண்ணியில்தான். கஃபீன் அந்த மருந்தை வேலைசெய்ய விடாது. முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி, கோப்பி, கோலா, சொக்லேட் எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். நான் தங்கிய வெள்ளவத்தை வீட்டில் மச்சாள் "பால் விடேல்லை, பிளேன்டீதானே" என்று நீட்டினா. பிளேன்டீயும் தேத்தண்ணிதான்! எனக்கு முன்னால் வரிசையில் இருந்த ஒருவர் காலையில் குடித்துவிட்டு வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். தேத்தண்ணி இல்லாமல் தலையிடி வரும். அதற்கு பனடோல் எக்ஸ்ட்ரா போடவேண்டாம், அதிலும் கஃபீன் உண்டு. பிரஷர், இதயக் குளிசைகளில் எதை நிறுத்துவது என்பதை டொக்டரே சொல்லட்டும்.

இரத்தம் போகும் இடம் கமராவில் தெரிய, கதிர்வீச்சுள்ள ஒரு பொருளையும் ஊசியால் ஏற்றுவார்கள். படம் இரண்டு தரம் எடுப்பார்கள், ஓய்வில் ஒன்று, குழாயை விரிக்கும் மருந்து ஏற்றிய பிறகு ஒன்று. ஓய்வில் இரத்தம் நன்றாகப் போகும் இடத்துக்கு மற்றப் படத்தில் குறைந்தால் குழாயில் அடைப்பு இருக்கலாம். இரண்டிலும் குறைந்தால் பெரும்பாலும் பழைய அற்றாக்கின் தழும்பு. கமராவின் கீழ் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அசையாமல் கிடக்கவேண்டும். எனக்குத் தோள்மூட்டு உளைந்ததுதான் மிச்சம். இடையில் காத்திருக்கிற நேரமே அதிகம். அரை நாள் போய்விடும், ஒரு புத்தகம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த டெஸ்டுக்காகக் கதிர்வீச்சு ஊசி போட்ட அப்பா வீட்டுக்கு வந்து கைக்குழந்தையைத் தூக்கலாமா?
- வாசகர், கோண்டாவில்

பதில்: பெரும்பாலும் போடுவது டெக்னீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள். 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம் அதன் கதிர்வீச்சு பாதியாகும், அடுத்த நாள் அதே நேரம் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சலம் கழிக்கட்டும். குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருப்பதை மட்டும் மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.