போதகராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, விசுவாசத்தையும் குடும்பத்தையும் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கேள்வி கேட்ட தம்பி, தானும் ஊழியத்துக்குப் போக விரும்புவதாகவும், வீட்டில் தயங்குவதாகவும் எழுதியிருந்தார். அவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் 36 ஆண்டுகள் குருவானவராக இருந்தவன். 1981-ல் குருப்பட்டம் பெற்றேன், 2017-ல் ஓய்வு. என் அப்பா உபதேசியார். வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரம் என்றால் அதற்குள் பத்துப் பதினைந்து கிராமக் கோயில்கள் இருக்கும். குருவானவர் அவற்றுக்கு முறைவைத்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் விடியற்காலையில் மணியடித்து, ஜெபம் நடத்தி, சீக்காளி வீட்டுக்கு நடந்து போகிறவர் உபதேசியார்தான். சின்ன வயதில் கோயில் மணிக் கயிற்றில் தொங்கி விளையாடியவன் நான். மதுரை அரசரடியில் இறையியல் படிக்கப் போனபோது வீட்டில் யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை.

படித்து முடித்து வந்தபோது, விசுவாசம் என்றால் பதில்கள் என்று நினைத்திருந்தேன். யார் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு வசனம் என்னிடம் இருந்தது.

அந்த நினைப்பு மாறியது தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சேகரத்தில். செம்மண்ணும் பனையும் தவிர வேறு எதுவும் இல்லாத ஊர்கள். அங்கே பெண்கள் உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். ஒரு வருஷம் மழை சுத்தமாகப் பொய்த்து, பதநீர் இறங்கவில்லை. அடுப்பெரிவதே கஷ்டமாக இருந்தது. மழை பெய்கிற வரைக்கும் கைப்பிடி அரிசி வேண்டாம் என்று ஆராதனையில் அறிவித்தேன். இரக்கத்தோடு செய்ததாகத்தான் நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு பாட்டி முந்தானையில் முடிந்த அரிசியோடு என் முன்னால் வந்து நின்றார். நாலைந்து பிடி இருக்கும், ரேஷன் அரிசி. "நாங்க திங்கோம்லா ஐயா, அப்ப அவருக்கும் ஒரு கை போடணும்லா" என்றார். அந்த முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் அவர் கொட்டியபோது, நான் படித்த எந்த வசனமும் வாயில் வரவில்லை.

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியர் பணத்தில் இந்தியரே நடத்தவேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. அதை நம்பித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆட்களை அனுப்பினார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பாட்டியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இனி குடும்பம். இதைத்தான் தம்பி முக்கியமாகக் கேட்டிருக்கிறார்.

36 ஆண்டுகளில் ஏழு சேகரங்கள். என் மனைவி ஆசிரியப் பயிற்சி முடித்தவள், மாற்றலுக்குப் பயந்து வேலைக்கே போகவில்லை. ஊருக்கு ஐயரம்மா ஆகிவிட்டாள்; குருவானவர் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, எந்நேரமும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி என்று அவள் உழைப்புக்கு முடிவே கிடையாது. சம்பளம் எனக்கு மட்டும்தான். மகள் பத்தாம் வகுப்பு எழுதியது அவளுடைய ஐந்தாவது பள்ளிக்கூடத்தில். இதெல்லாம் கஷ்டம்தான். ஆனாலும் ஊழியக்காரன் வீட்டில் எல்லோரும் தாங்கிக்கொள்கிற கஷ்டம்.

என்னால் தாங்க முடியாதது வேறு. அது நானே செய்தது.

மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆராதனை முடிந்து எண்ணுவதற்காகக் காணிக்கைப் பையை வீட்டு மேஜையில் வைத்திருந்தோம். அதிலிருந்து பத்து ரூபாய் எடுத்துப் பந்து வாங்கிவிட்டான். ராத்திரி தூக்கம் வராமல் அம்மாவிடம் அழுது சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் சொன்னாள். நான் அவனை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுத்த ஞாயிறு கெட்ட குமாரன் உவமையைப் பிரசங்கித்தபோது, "என் வீட்டிலேயே நடந்தது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சபை அப்படியே அசையாமல் கேட்டது. வாசலில் கைகுலுக்கிய ஒரு பெரியவர், "சொந்தப் பிள்ளைன்னுகூடப் பாக்கலியே ஐயா" என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் முன்வரிசைப் பாயில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான். பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தது எனக்குப் பீடத்திலிருந்து தெரிந்தது. நிமிரவே இல்லை.

மத்தியானம் மனைவி எதுவும் பேசாமல் சோறு போட்டாள். சாயங்காலம்தான் சொன்னாள். "அவன் எங்கிட்ட நம்பிச் சொன்னான். நான் உங்ககிட்ட நம்பிச் சொன்னேன். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க."

எத்தனையோ பேர் என்னிடம் வந்து சொன்ன ரகசியங்கள் என்னோடு கல்லறைக்குத்தான் வரும். குடிகாரனுடையது, கடன்காரனுடையது, சாகப்போகிறவர் கடைசியில் சொன்னது என்று ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. காப்பாற்றாமல் விட்டது என் பிள்ளையுடையதை மட்டும்தான். அந்த உவமையில் தகப்பன் ஓடிப்போய் மகன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். ஊரைக் கூட்டி வைத்துக் குற்றத்தை வாசிக்கவில்லை. அதைப் பிரசங்கித்த அன்றைக்கே அதை மறந்திருக்கிறேன்.

தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கேட்கிறார். குருப்பட்ட ஆராதனைகளில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய் ஞாபகம் வரும்.

மகன் வளர்ந்தான், படித்தான், சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். எங்களைப் பார்த்துக்கொள்வதில் குறை வைத்ததில்லை. ஆனால் நான் பிரசங்கிக்கிற கோயிலுக்குள் அதன்பின் அவன் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. கல்லூரிக்குப் போனபின் வருவதே குறைந்துவிட்டது. மனைவி 2019-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்கம் முடிந்து வந்த இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு வருஷம் ஏன் தள்ளிப்போட்டேன் என்பதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா அன்னைக்கு ராத்திரியே உங்களுக்காகக் கேட்டுட்டாங்கப்பா" என்றான்.

தம்பி, வீட்டில் தயங்குகிறவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அழைப்பு உங்களுக்கு வந்திருக்கலாம். அதைச் சுமக்கப் போவது அவர்களும்தான். விசுவாசம் இன்றைக்கும் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சமையலறையில் அவள் வைத்திருந்த கைப்பிடி அரிசிப் பானை இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. சோறு நானே வடிக்கிறேன், ஒருவனுக்கு அரை ஆழாக்குதான். அதிலும் ஒரு பிடி போகிறது.

இதுவரை எழுதியதை நேற்றே மகனுக்கு அனுப்பி, பொதுவில் போடலாமா என்று கேட்டேன். இன்று காலையில் பதில் வந்தது: "போடுங்கப்பா. பந்து இல்ல, கிரிக்கெட் மட்டை."